எந்த ஆயில் ஊற்றினீர்கள்?

பத்தாண்டுச் சான்றிதழுக்கு லட்சம் வெள்ளி கட்டும் ஊரில், கியர்பாக்ஸுக்குள் போகும் சில லிட்டர் திரவத்தைப் பற்றி நாம் கேட்பதே இல்லை

புக்கிட் பாஞ்சாங்கில் கார் வைத்திருக்கும் யாரிடமாவது எஞ்சின் ஆயிலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். என்ன பிராண்டு, எந்த கிரேடு, கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் மாற்றினார், அடுத்தது எப்போது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கியர்பாக்ஸுக்குள் என்ன ஓடுகிறது என்று அதே மனிதரிடம் கேளுங்கள். "அதெல்லாம் அவங்க பார்த்துப்பாங்க" என்பார்.

அந்த 'அவங்க' பெரும்பாலும் ஏஜெண்ட்டின் சர்வீஸ் சென்டர் ஆட்கள் கிடையாது. வாரண்டி முடிந்த மறுமாதமே நம் ஆட்கள் புக்கிட் பாத்தோக் கிரசெண்டில் இருக்கும் வொர்க்‌ஷாப்புகளுக்குப் போகிறார்கள். சிலர் சுங்கை காடுட் பக்கம், சிலர் கிராஞ்சியில் ஜாலான் லாம் ஹுவாட்டில் இருக்கும் கேரோஸ் சென்டருக்கு. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் சனிக்கிழமை விடியற்காலையில் உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாருவுக்கு. அங்கே காரைத் தூக்கி நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக் கேட்பார்: "கியர் ஆயில் மாத்தணும். யுனிவர்சல் போதுமா, ஒரிஜினல் வேணுமா?" இரண்டுக்கும் சில பத்து வெள்ளி வித்தியாசம். "எது நல்லது, பாஸ்?" என்போம். "ரெண்டும் ஓகேதான்" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

ரெண்டும் ஓகே என்பது சில கார்களுக்கு உண்மை. பல கார்களுக்கு உண்மையில்லை. சில கார்களில் தவறான திரவம் கியர்பாக்ஸையே கொன்றுவிடும். நம் கார் இதில் எந்த வகை என்று அறிய என்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. காரின் கையேட்டில் ஒரு வரியையும், புட்டியின் பின்பக்கத்தில் ஒரு வரியையும் படித்தால் போதும்.

இதில் அக்கறை காட்டச் சிங்கப்பூரில் மற்ற ஊர்களைவிடக் கூடுதல் காரணம் இருக்கிறது. இங்கே கார் என்பது பத்தாண்டுக் குத்தகை. 1990ல் வாகன ஒதுக்கீட்டு முறை வந்ததிலிருந்து உரிமைச் சான்றிதழ் இல்லாமல் காரைப் பதிய முடியாது. 2023 அக்டோபரில் அந்தச் சான்றிதழ் மட்டும் சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவில் 106,000 வெள்ளியையும், பெரிய கார்களுக்கான 'பி' பிரிவில் 150,001 வெள்ளியையும் தொட்டது. காரின் விலை தனி. பத்தாண்டு முடியும்போது காரை விட்டுவிடலாம்; அல்லது அப்போதைய சராசரிக் கட்டணத்தைக் கட்டி இன்னும் ஐந்தோ பத்தோ ஆண்டு நீட்டிக்கலாம். நீட்டிப்பதா வேண்டாமா என்று குடும்பமே உட்கார்ந்து கணக்குப் போடும் அந்த மாதத்தில் எஞ்சினும் கியர்பாக்ஸும்தான் தீர்ப்புச் சொல்லும். ஒன்பதாம் ஆண்டில் கியர்பாக்ஸ் உதறத் தொடங்கினால் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சரிசெய்வதா, காரை ஸ்கிராப்புக்கு அனுப்புவதா என்ற நெருக்கடி வந்துவிடும்.

தனியார் வாடகைக் கார் ஓட்டுபவருக்கு இது இன்னும் கடுமை. சொந்தமாகக் கார் வைத்து ஓய்வு நாளில் ஓட்டுபவரைவிட அவர் பல மடங்கு தூரம் ஓட்டுகிறார். வண்டி வொர்க்‌ஷாப்பில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்குச் சம்பளம் இல்லாத நாள். நம்மவர்கள் எத்தனையோ பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

திமிங்கில எண்ணெயிலிருந்து

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து அப்பர் புக்கிட் தீமா சாலை வழியாக நகரத்தை நோக்கி வரும் வழியில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை இருக்கிறது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்த இடம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1941 அக்டோபரில், தென்கிழக்காசியாவின் முதல் கார் பூட்டும் ஆலையாக அது திறக்கப்பட்ட செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தக் கால ஃபோர்டு கார்களில் கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். தானியங்கிக் கியரை ஃபோர்டு 1951 மாடல்களில்தான் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் முந்திக்கொண்டு 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலிலேயே 'ஹைட்ராமேட்டிக்' என்ற பெயரில் அதை விற்கத் தொடங்கியிருந்தது.

1949ல் ஜெனரல் மோட்டார்ஸ் தானியங்கிக் கியர் திரவத்துக்கு 'டைப் ஏ' என்ற தரக்குறிப்பை வெளியிட்டது. எந்த எண்ணெய் நிறுவனமும் அந்தத் தரத்தில் தயாரிக்கலாம். சோதனையில் தேறினால் புட்டியில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பல கார் கம்பெனிகள் அதையே பயன்படுத்தின. ஆக, இன்று நாம் 'யுனிவர்சல்' என்று அழைக்கும் எண்ணத்துக்குத் தொடக்கத்தில் நல்ல அடிப்படை இருந்தது. கியர்பாக்ஸுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. திரவமும் ஒன்றாக இருந்தது.

அந்த ஒற்றுமை நெடுநாள் நீடிக்கவில்லை. 1960களில் ஃபோர்டு 'டைப் எஃப்' என்ற தன் சொந்தத் திரவத்துக்கு மாறியது. 1967ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'டெக்ஸ்ரான்' கொண்டுவந்தது. பார்வைக்கு இரண்டும் சிவப்புதான். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கும் அந்தக் கணத்தில் இரண்டும் நேரெதிராக நடந்துகொள்ளும். டைப் எஃப் ஊற்றினால் தட்டுகள் வெடுக்கென்று கவ்வும். டெக்ஸ்ரானில் வழுக்கிச் சென்று மெதுவாகப் பிடிக்கும். ஒன்றுக்காக வடிவமைத்த கியர்பாக்ஸில் மற்றதை ஊற்றினால், ஒன்று கியர் விழும்போதெல்லாம் இடிக்கும், அல்லது தட்டு வழுக்கி வழுக்கித் தேயும். ஒரே திரவம் இரண்டுக்கும் முழுப் பொருத்தமாக இருக்க முடியாது என்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்துபோன விஷயம்.

இன்னொரு பாடமும் அந்தக் காலத்தில்தான் கிடைத்தது. தட்டுகள் மென்மையாகப் பிடிப்பதற்காகப் பழைய திரவங்களில் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் சேர்க்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் திமிங்கிலத்தைக் காப்பாற்ற அமெரிக்காவில் சட்டம் வந்ததும் அது நின்றது. நிற்க வேண்டியதுதான். மாற்றாக வந்த டெக்ஸ்ரான்-2 திரவத்தின் முதல் வடிவம், ஆயிலைக் குளிர்விக்கும் குழாய்களின் உலோக இணைப்புகளை அரிக்கத் தொடங்கியது. கியர் ஆயில் ரேடியேட்டர் தண்ணீரில் கலந்தது. அரிப்பைத் தடுக்கும் சேர்மானம் சேர்த்துத் திரும்பவும் வடிவமைக்க வேண்டியதாயிற்று. ஒரு சேர்மானத்தை எடுத்து வேறொன்றைப் போட்டதில், அன்று உலகின் மிகப் பெரியதாக இருந்த கார் கம்பெனிக்கே இப்படிச் சறுக்கியது. 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று ஒரு புட்டியில் எழுதியிருந்தால், அதை எழுதியவர் எத்தனை சோதனைகளைத் தாண்டி வந்தார் என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

உள்ளே நடப்பது

கியர் ஆயில் உயவு எண்ணெய் மட்டுமாக இருந்தால் இத்தனை வகை தேவைப்பட்டிருக்காது. தானியங்கிக் கியர்பாக்ஸில் அது நான்கு வேலை செய்கிறது: பற்சக்கரங்களுக்கு உயவு, சூட்டை வெளியே எடுத்துப்போவது, வால்வுகளுக்குள் அழுத்தமாகப் பாய்ந்து கியரை மாற்றுவது, கிளட்ச் தட்டுகளின் உராய்வைச் சரியான அளவில் வைத்திருப்பது. முதல் இரண்டை நல்ல எண்ணெய் எதுவும் செய்துவிடும். கடைசி இரண்டில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு. திரவத்தில் பத்து முதல் இருபது விழுக்காடு சேர்மானங்கள். அந்தச் சிறு பங்குதான் ஒவ்வொரு கம்பெனியின் கைப்பக்குவம்.

பெட்ரோலை மிச்சப்படுத்த இன்றைய கார்களில் முறுக்கு மாற்றிக்குள் (டார்க் கன்வர்ட்டர்) இருக்கும் கிளட்சை முழுதும் பூட்டாமல், சிறிதளவு வழுக்கவிட்டே ஓட்டுகிறார்கள். திரவத்தின் உராய்வுத் தன்மை சிறிது பிசகினால் தட்டு பிடித்து விட்டு, பிடித்து விட்டு அதிரும். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் அறுபது எழுபதில் சீராகப் போகும்போது, சாலையோரத்துக் கோட்டின் மீது டயர் ஏறியதுபோல் ஒரு நடுக்கம் வரும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மறைந்துவிடும். பலர் டயரைச் சந்தேகித்து அலைன்மெண்ட் பார்ப்பார்கள். ஆயிலைச் சந்தேகிப்பவர் குறைவு.

பாகுத்தன்மையும் மாறிவிட்டது. 100 டிகிரி சூட்டில் பழைய டெக்ஸ்ரான்-3 திரவம் ஏழு சென்டிஸ்டோக் அளவில் இருந்தது. 2005ல் வந்த டெக்ஸ்ரான்-6, புதிதாக இருக்கும்போதே 6.4ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. டொயோட்டாவின் டபிள்யூஎஸ் அதைவிட மெல்லியது, ஐந்தரைக்கு அருகில். மெல்லிய திரவத்துக்கு ஏற்ப வால்வுகளின் இடைவெளியும் பம்ப்பும் வடிவமைக்கப்பட்டுள்ளன. பழைய டைப் டி-4 திரவத்தையும் டபிள்யூஎஸ்ஸையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றதைப் பயன்படுத்தக் கூடாது என்று டொயோட்டாவே சொல்கிறது. இரண்டும் டொயோட்டா புட்டிதான், இரண்டும் சிவப்புதான். நிறத்தைப் பார்த்து ஆயிலை அடையாளம் காண முடியாது. கசிந்தால் எஞ்சின் ஆயிலோடு குழம்பாமல் இருக்கச் சேர்த்த சாயம் அது.

வேறொரு நுணுக்கம் நம் ஊருக்கே உரியது. இந்தத் திரவங்களின் தரக்குறிப்பில் பெரும் பகுதி, பனி உறைந்த காலையில், மைனஸ் 40 டிகிரியில், திரவம் கெட்டியாகாமல் ஓடுமா என்ற சோதனைக்குப் போகிறது. நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நம் பகை சூடு. வெள்ளிக்கிழமை மாலையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஒரு காரின் நீளம் நகர்ந்து, நின்று, மறுபடி நகரும்போது காற்றோட்டம் இல்லாமல் கியர்பாக்ஸ் தகிக்கும். சூடு பத்து டிகிரி ஏறினால் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது ஆயில் துறையின் பழைய கணக்கு. 'சாதாரண ஓட்டம்' என்று கையேட்டில் போட்டிருக்கும் இடைவெளி நம் ஊர் ஓட்டத்துக்குப் பொருந்தாது. 'கடும் பயன்பாடு' என்ற பத்தியில் இருப்பதே நமக்கு.

சிவிடி என்றால் பேச்சே வேண்டாம்

இந்த ஊரில் ஓடும் ஜப்பானிய கார்களில் பெரும் பகுதி இன்று சிவிடி. அதில் படிப்படியான கியர்களே கிடையாது. இரண்டு கூம்பு வடிவக் கப்பிகள். நடுவே சுமார் 400 சிறு எஃகுத் துண்டுகளைக் கோத்த பட்டை. கப்பிகள் பட்டையின் இரு பக்கத்தையும் நெருக்கிப் பிடிக்கின்றன. எஞ்சினின் வலு முழுவதும் எஃகோடு எஃகு உரசும் அந்த மெல்லிய இடத்தின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். உலோகம் தேயவும் கூடாது, வழுக்கவும் கூடாது. ஏடிஎஃப் எனப்படும் சாதாரண தானியங்கிக் கியர் ஆயில் வழுக்கவிடும் திரவம். அதை சிவிடியில் ஊற்றினால் பட்டை கப்பியில் சறுக்கும். கப்பியின் மினுக்கும் பரப்பில் கீறல் விழும். கீறல் விழுந்த கப்பி பட்டையைத் தின்னும். கடைசியில் ஆயிலை மாற்றிப் பயனில்லை, கியர்பாக்ஸைத்தான் மாற்ற வேண்டும். இங்கே எந்தச் சமரசத்தையும் நான் ஏற்க மாட்டேன். சிவிடிக்கு சிவிடி திரவம், அதிலும் கையேடு சொல்லும் குறியீடு.

குறியீடுகளில்தான் குழப்பம் மண்டிக் கிடக்கிறது. ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2, நிசானுக்கு என்எஸ்-2 அல்லது என்எஸ்-3, டொயோட்டாவுக்கு டிசி அல்லது எஃப்இ. கார் பெயரை மட்டும் வைத்துச் சொல்லவும் முடியாது. டொயோட்டா ஆல்டிஸை எடுத்துக்கொள்ளுங்கள்: 2000களின் தொடக்கத்தில் வந்த நான்கு கியர் ஆல்டிஸுக்கு டைப் டி-4, அடுத்த தலைமுறை நான்கு கியருக்கு டபிள்யூஎஸ், 2014 வாக்கில் வந்த சிவிடி ஆல்டிஸுக்கு எஃப்இ. "ஆல்டிஸ் ஆயில் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்து வைப்பார்?

வெசல் இன்னும் விசேஷம். முதல் தலைமுறை ஹோண்டா வெசலின் பெட்ரோல் வகையில் இருப்பது சிவிடி. அதே வெசலின் ஹைப்ரிட் வகையில் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச். வெளியே பார்த்தால் ஒரே கார், உள்ளே வெவ்வேறு இயந்திரம். இந்தக் கார்களைப் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து நேரடியாகத் தருவித்து விற்கிறார்கள். கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும். வாங்கியவரால் ஒரு வரி படிக்க முடியாது. நம் ஊரில் யுனிவர்சல் ஆயில் செழிப்பதற்கு அந்தக் கையேடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பிரியஸ் வைத்திருப்பவர்கள் இதற்கு நேர்மாறான தவறைச் செய்ய வாய்ப்பு உண்டு. விளம்பரத்தில் 'இ-சிவிடி' என்றிருப்பதைப் பார்த்து சிவிடி திரவம் கேட்பார்கள். பிரியஸில் பட்டையும் கப்பியும் கிடையாது. உள்ளே இருப்பது கோள் பற்சக்கரத் தொகுதி. அதற்கு டொயோட்டா சொல்வது டபிள்யூஎஸ்.

யுனிவர்சல் பக்கத்து நியாயம்

இவ்வளவு சொன்னதால் யுனிவர்சல் என்றாலே மோசடி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புக்கிட் பாத்தோக்கில் ஒரு சிறு வொர்க்‌ஷாப்பை நினைத்துப் பாருங்கள். இரண்டு லிஃப்ட், ஒரு மூலையில் மேசை, மாதாமாதம் ஏறும் வாடகை. காலையில் நிசான் வரும், பத்து மணிக்கு ஹூண்டாய், மதியம் பிஎம்டபிள்யூ, சாயங்காலம் பெரோடுவா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருபது வகை ஆயில் வாங்கி அடுக்க அவருக்கு இடமும் இல்லை, முதலும் இல்லை. ஒரு டிரம்மில் எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்துவதை வாங்கி வைக்கிறார். அவருடைய கணக்கு எனக்குப் புரிகிறது.

டெக்ஸ்ரான், ஃபோர்டின் மெர்க்கான் குடும்பத்தைச் சேர்ந்த பழைய நான்கு கியர், ஐந்து கியர் பெட்டிகளுக்கு நல்ல நிறுவனத்தின் பல்வகைத் திரவம் தாராளமாகப் போதும். டொயோட்டாவின் கியர்பாக்ஸுகளைச் செய்துகொடுக்கும் ஐசின் நிறுவனமே 'ஏஎஃப்டபிள்யூ பிளஸ்' என்று பல கார்களுக்கான ஒரு திரவத்தைத் தன் பெயரில் விற்கிறது. பெட்டியைச் செய்தவரே கொடுக்கும்போது அதை ஒதுக்கக் காரணமில்லை. கார் கம்பெனிகளும் எண்ணெய் கிணறு வைத்திருக்கவில்லை. அவர்கள் லேபிளோடு வரும் திரவத்தை இடெமிட்சு, எக்ஸான்மோபில் போன்ற எண்ணெய் நிறுவனங்கள்தான் கலந்து கொடுக்கின்றன. நம் ஜூரோங் தீவிலேயே எக்ஸான்மோபில் உயவு எண்ணெய்களுக்கான அடிப்படை எண்ணெயைத் தயாரிக்கிறது. ஏஜெண்ட்டின் புட்டியில் மந்திரம் ஏதும் இல்லை. அதன் பெரிய பலம், அந்தக் கியர்பாக்ஸில் ஊற்றிப் பல லட்சம் கிலோமீட்டர் சோதித்திருக்கிறார்கள் என்பதுதான்.

கம்பெனிகள் சொல்வதும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. இசட்-1 திரவத்தை நிறுத்திய ஹோண்டா, பழைய கார்களுக்கும் டிடபிள்யூ-1 ஊற்றச் சொன்னது. டெக்ஸ்ரான்-3 கேட்கும் பழைய காருக்கு டெக்ஸ்ரான்-6 போதும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் சொன்னது. அதனால் பத்து வருடப் பழைய கையேட்டில் உள்ள பெயர் கடையில் கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம்; அதே கம்பெனி இன்று எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

புட்டியைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்தில் பளபளப்பாக எத்தனை கார் பெயர்கள் இருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். பின்பக்கத்தில் இரண்டு வகை வாக்கியம் இருக்கும். இன்ன கம்பெனியின் இன்ன தரக்குறிப்புக்கு 'அங்கீகரிக்கப்பட்டது' அல்லது 'உரிமம் பெற்றது' என்றால், அந்தக் கார் கம்பெனி இந்தத் திரவத்தைச் சோதித்துத் தேர்ச்சி கொடுத்திருக்கிறது. டெக்ஸ்ரான்-6 என்றால் 'ஜே' எழுத்தில் தொடங்கும் உரிம எண்கூட அச்சாகியிருக்கும். 'பயன்படுத்தத் தகுந்தது', 'பரிந்துரைக்கிறோம்' என்றால், சொல்பவர் ஆயில் விற்பவர். கார் கம்பெனி வாய் திறக்கவில்லை. அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். பெரிய நிறுவனமாக இருந்தால் தன் பெயரைப் பணயம் வைத்துத்தான் சொல்கிறது. பெயர் கேள்விப்படாத புட்டியில் அதே வாக்கியம் இருந்தால் அதற்கு எந்தப் பிணையும் கிடையாது.

டெக்ஸ்ரான்-3 என்று பெரிதாக எழுதிய புட்டிகள் இன்றும் கடைகளில் இருக்கின்றன. 2006 முடிவோடு ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் தரத்துக்கு உரிமம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. ஃபோர்டும் 2007ல் பழைய மெர்க்கானுக்கு உரிமத்தை நிறுத்தியது. அதற்குப் பிறகு அந்தப் பெயர்களைப் போட்டுக்கொள்ளும் திரவத்தை யாரும் கண்காணிப்பதில்லை. நல்லதும் இருக்கும், கழிசடையும் இருக்கும். இரண்டையும் நம் கண்ணால் பிரித்தறிய முடியாது.

இரட்டைக் கிளட்ச் கார்களைப் பற்றி நீட்டப் போவதில்லை. எண்ணெயில் மூழ்கிய இரட்டைக் கிளட்ச் உள்ள ஃபோக்ஸ்வேகன் ஆறு கியர் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அந்தக் கம்பெனியின் தரக்குறிப்புள்ள திரவம். அங்கே பேரம் பேச இடமில்லை.

'வாழ்நாள் ஆயில், மாற்றவே வேண்டாம்' என்று சொல்லும் கார்கள் உண்டு. பிஎம்டபிள்யூ உட்படப் பல ஐரோப்பிய கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்துகொடுக்கும் இசட்எஃப் நிறுவனம், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டில், மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் சொல்வதையே நான் நம்புவேன்.

வாரண்டி பயம்

வெளியே ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்ற அச்சம் நம் ஊரில் வெகுகாலம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மட்டுமே பராமரிக்க வேண்டும் என்று வாரண்டி விதிகளிலேயே எழுதியிருந்தார்கள். கார் உதிரிபாகச் சந்தையை ஆராய்ந்த சிங்கப்பூர் போட்டித்தன்மை ஆணையம் இதில் தலையிட்டது. விற்பனையாளர்கள் அந்தக் கட்டுப்பாட்டை நீக்க முன்வந்ததாக 2017 டிசம்பரில் அது அறிவித்தது. தனியார் வொர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக இனி வாரண்டியை மறுக்க முடியாது என்பது பயனீட்டாளருக்குக் கிடைத்த நல்ல வெற்றி. சத்தமில்லாமல் வந்ததால் பலருக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் அந்த உரிமைக்குள் ஒரு பொறுப்பும் இருக்கிறது. கோளாறுக்குக் காரணமே வெளியே செய்த வேலை என்றால் விற்பனையாளர் மறுக்கலாம். ரசீதில் 'கியர் ஆயில் சர்வீஸ்' என்று இரண்டே சொல் இருந்தால் நம் பக்கம் நிற்க ஒன்றுமே இல்லை. 'எச்சிஎஃப்-2, 3.5 லிட்டர், இத்தனை கிலோமீட்டரில்' என்று எழுதியிருந்தால் வழக்காட ஆதாரம் இருக்கிறது. இதை எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஜொகூரில் மாற்றினாலும் இதையே கேளுங்கள். அங்கே கூலி மலிவு என்பதற்காக ஆயிலின் குறியீடு மாறிவிடாது.

எப்படி மாற்றுகிறார்கள் என்பதையும் அருகில் நின்று பார்க்க வேண்டும். கீழே திருகைத் திறந்தால் உள்ளே இருப்பதில் பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகத்தான் வெளியே வரும். மீதி முறுக்கு மாற்றிக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். ஒருமுறைக்கு நாற்பது விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், மூன்று தடவை வடித்து ஊற்றிய பிறகும் பழையதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் உள்ளேதான் இருக்கும். தவறான திரவத்தை ஊற்றிவிட்டால் மாற்றி எடுப்பது லேசில்லை என்பது இதிலிருந்தே புரியும். அடுத்தது அளவு. இன்றைய பல டொயோட்டா பெட்டிகளில் அளவுக்கோல் கிடையாது. திரவம் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது அடித்திருகைத் திறந்து, வழியும் அளவைப் பார்த்து நிறுத்த வேண்டும். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஓட்டிப்போய் இறங்கியதும் பெட்டி அதைவிட வெகுவாகச் சூடேறியிருக்கும். சூட்டில் விரிந்த திரவம் கூடுதலாக வழிந்துவிடும்; ஆறியதும் உள்ளே குறைவாக இருக்கும். சூட்டை அளக்காமல் அவசரமாகத் திருகை மூடும் இடத்தில் எவ்வளவு உயர்ந்த ஆயிலும் உதவாது.

மின்கார் வந்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழியும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2024ல் சிங்கப்பூரில் அதிகம் விற்ற கார் பிராண்டுகளில் ஒன்று, மின்கார் விற்கும் பிஒய்டி. கியர் மாற்றும் பெட்டி மின்காரில் இல்லைதான். மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் திரவமும் இருக்கிறது. சில வடிவமைப்புகளில் மோட்டாரையே அந்தத் திரவம்தான் குளிர்விக்கிறது. அப்போது அது செம்புச் சுருளை அரிக்கவும் கூடாது, மின்சாரத்தைக் கடத்தவும் கூடாது. யுனிவர்சல் புட்டியின் பின்பக்கத்தில் இதற்கெல்லாம் யார் பொறுப்பேற்றிருக்கிறார்கள் என்று அங்கே இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டியிருக்கும். 2030 முதல் புதிதாகப் பதியும் கார்கள் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும் என்ற அரசின் திட்டத்தில் ஹைப்ரிட் கார்களுக்கும் இடமுண்டு. ஆகவே இன்று நாம் ஓட்டும் வகைக் கியர்பாக்ஸுகள் இன்னும் பல ஆண்டு நம்மோடு இருக்கும்.

வாடகைக் கார் ஓட்டும் நண்பர்களுக்கு ஒரு யோசனை. ஜெலாபாங், ஃபஜார், செஞ்சா பக்கத்து வீவக கார் நிறுத்தங்களில் ஒரே மாடல் கார்கள் எத்தனையோ நிற்கின்றன. ஒரே வகைக் கார் ஓட்டும் நான்கைந்து பேர் சேர்ந்து, கையேடு சொல்லும் குறியீட்டில் ஒரு பெட்டி ஆயிலைத் தெரிந்த விநியோகஸ்தரிடம் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு வருவதை வாங்க வேண்டாம். போலிப் புட்டிகள் நடமாடுகின்றன. ஆயிலை நாமே கொண்டுபோனால் கூலி மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றித்தர ஒப்புக்கொள்ளும் வொர்க்‌ஷாப்புகள் இருக்கின்றன; போகும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். முத்திரை உடைபடுவதைக் கண்ணால் பார்க்கலாம், காலிப் புட்டிகளைக் கேட்டு வாங்கலாம், மீந்ததை அடுத்தவர் காருக்கு வைத்துக்கொள்ளலாம். டிரம் ஆயிலுக்கும் கம்பெனி ஆயிலுக்கும் இடையில் இருந்த அந்தச் சில பத்து வெள்ளி வித்தியாசம் மொத்தமாக வாங்கும்போதே பெருமளவு குறைந்துவிடும்.